எலக்ட்ரான் கவர்தன்மை: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பிளஸ் 1 வேதியியலில் இந்தப் பாடம் வந்ததும் "ஃபுளூரின் 4, ஆக்சிஜன் 3.5, நைட்ரஜன் 3" என்று எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அப்புறம்தான் சந்தேகங்கள் வருகின்றன. நீட் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் அடிக்கடி கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் இதே கருத்து மின்னெதிர்த்தன்மை என்ற பெயரில் இருக்கும். வேறு அளவுகோலைக் குறிப்பிடாத இடங்களில் வரும் எண்கள் எல்லாம், லைனஸ் பாலிங் என்ற வேதியியலாளர் வகுத்த பாலிங் அளவுகோலின் மதிப்புகள்.

எலக்ட்ரான் கவர்தன்மை என்றால் சரியாக என்ன?

இரண்டு அணுக்கள் சகப்பிணைப்பில் இருக்கும்போது, நடுவில் உள்ள பொதுவான எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் ஈர்த்துக்கொள்ள ஓர் அணுவுக்கு இருக்கும் திறன். இந்த வரையறையில் "பிணைப்பில் இருக்கும்போது" என்ற சொற்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தனியாக இருக்கும் ஓர் அணுவிடம் பங்குபோட எலக்ட்ரான் இணையும் இல்லை, போட்டிக்கு இன்னோர் அணுவும் இல்லை.

ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20. எலக்ட்ரான் இணை குளோரின் பக்கம் சாய்கிறது. குளோரினுக்குச் சிறிதளவு எதிர்மின்சுமை, ஹைட்ரஜனுக்கு அதே அளவு நேர்மின்சுமை. எவ்வளவு சிறிது? அந்த மூலக்கூறின் இருமுனை திருப்புத்திறன் (மின்சுமை இரு முனைகளாகப் பிரிந்திருக்கும் அளவு; அலகு டிபை) சுமார் 1.1 டிபை, பிணைப்பு நீளம் 127 பிக்கோமீட்டர். இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், ஓர் எலக்ட்ரானின் மின்சுமையில் ஏறத்தாழ 18 விழுக்காடுதான் இடம் பெயர்ந்திருக்கிறது. "குளோரின் எலக்ட்ரானை எடுத்துக்கொண்டது" என்று விடைத்தாளில் எழுதுவது ரொம்பவே அதிகம்.

எலக்ட்ரான் நாட்டமும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. எலக்ட்ரான் நாட்டம் என்பது வாயு நிலையில் தனியாக இருக்கும் ஓர் அணுவுடன் ஓர் எலக்ட்ரானைச் சேர்க்கும்போது வெளியாகும் ஆற்றல். நேரடியாக அளக்கக்கூடியது, கிலோஜூல்/மோல் என்று அலகும் உண்டு. கவர்தன்மையோ பிணைப்புக்குள் நடப்பதைப் பற்றியது.

இரண்டும் வேறு என்பதற்குச் சாட்சி குளோரின். அதன் எலக்ட்ரான் நாட்டம் 349 கிலோஜூல். ஃபுளூரினுக்கு 328 தான். ஃபுளூரின் அணு மிகச் சிறியது. ஏற்கெனவே ஏழு எலக்ட்ரான்கள் நெருக்கிக்கொண்டிருக்கும் வெளிக்கூட்டில் எட்டாவது முழுதாக நுழையும்போது விலக்கு விசை அதிகம். ஆனால் கவர்தன்மையில் ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16. பிணைப்பில் ஓர் அணு புதிய எலக்ட்ரானின் ஒரு பங்கை இழுப்பதோடு தன் சொந்த எலக்ட்ரான்களையும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலையில் ஃபுளூரின் எங்கோ முன்னே நிற்கிறது: அதன் அயனியாக்கும் ஆற்றல் (ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி எடுக்கத் தேவையான ஆற்றல்) 1681 கிலோஜூல், குளோரினுடையது 1251.

இந்த எண்களை எந்தக் கருவியில் அளக்கிறார்கள்?

எந்தக் கருவியிலும் இல்லை. மற்ற அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு எடுத்தவை இவை. இந்தப் பாடத்தில் உள்ள பாதிக் குழப்பம் இதை யாரும் சொல்லாமல் விடுவதால்தான் வருகிறது என்பது என் கருத்து.

கருத்து பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ், ஆக்சிஜனை ஒரு முனையில் வைத்து, தனிமங்களை மின்தன்மைப்படி வரிசைப்படுத்தினார். ஆனால் வரிசைதான் இருந்தது, எண் இல்லை. எண்ணைக் கொடுத்தவர் லைனஸ் பாலிங். ஆண்டு 1932, இடம் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்.

அவர் கவனித்த விஷயம் எளிமையானது. இரண்டு வேறுபட்ட அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு, எதிர்பார்ப்பதைவிட வலுவாக இருக்கிறது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு ஆற்றல் 436 கிலோஜூல், குளோரின் மூலக்கூறினுடையது 242. ஹைட்ரஜன் குளோரைடில் எலக்ட்ரான் இணை சமமாகப் பங்கிடப்பட்டிருந்தால் அதன் பிணைப்பு ஆற்றல் இரண்டின் சராசரியான 339க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உண்மையில் இருப்பது 431. கூடுதலாக வந்த 92 கிலோஜூல், ஒரு முனை நேர்மின்சுமையும் மறு முனை எதிர்மின்சுமையும் பெற்று ஒன்றையொன்று ஈர்ப்பதால் கிடைத்தது என்று பாலிங் எடுத்துக்கொண்டார். அந்த 92ஐ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்ற 96.5ஆல் வகுத்தால் 0.95. அதன் வர்க்கமூலம் சுமார் 0.98. இதுதான் குளோரினுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள கவர்தன்மை வேறுபாடு. இன்றைய அட்டவணையில் 3.16இலிருந்து 2.20ஐக் கழித்தால் 0.96 வருகிறது. பிளஸ் 1 மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இவ்வளவு நெருக்கமாக வருவது எனக்கு இன்னும் பிடித்த விஷயம்.

இந்த முறையில் கிடைப்பது வேறுபாடு மட்டுமே என்பதைக் கவனியுங்கள். ஊர்களின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்வதுபோல, ஏதாவது ஒரு தனிமத்துக்கு ஒரு மதிப்பை நாமே வைத்துக்கொண்டு மற்றவற்றை அதிலிருந்து சொல்ல வேண்டியதுதான். பாலிங் முதலில் ஹைட்ரஜனுக்குப் பூஜ்யம் வைத்தார். பிறகு கார்பன் 2.5, ஃபுளூரின் 4.0 என்று வசதியாக வரும்படி எல்லாவற்றையும் மேலே தள்ளினார். ஆக, ஃபுளூரினின் "4" இயற்கை தந்த எண் இல்லை. இயற்கை தந்தது ஃபுளூரினுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி.

ஒரு புத்தகத்தில் ஃபுளூரின் 4.0, இன்னொன்றில் 3.98. எது சரி?

இரண்டும் பாலிங் அளவுகோல்தான். 1961இல் ஆல்ரெட் என்பவர் புதிய, துல்லியமான பிணைப்பு ஆற்றல்களை வைத்து மறுபடி கணக்கிட்டார். 4.0 என்பது 3.98 ஆனது, ஹைட்ரஜனின் 2.1 என்பது 2.20 ஆனது. தேர்வில் உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். ஒரே கணக்கில் இரண்டு அட்டவணைகளிலிருந்தும் எண்களை எடுத்துக் கலக்காமல் இருந்தால் போதும்.

பாலிங் தவிர வேறு அளவுகோல்களும் உண்டா?

நிறைய உண்டு. மூன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

1934இல் ராபர்ட் முல்லிகன் சொன்னது: அயனியாக்கும் ஆற்றலையும் எலக்ட்ரான் நாட்டத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுங்கள். கொடுக்க மறுப்பதும் வாங்க விரும்புவதும் சேர்ந்ததுதானே கவர்தன்மை என்பது அவர் தர்க்கம். ஃபுளூரினுக்கு 17.42, 3.40 எலக்ட்ரான் வோல்ட், சராசரி 10.41. குளோரினுக்கு 12.97, 3.61, சராசரி 8.29. எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் முந்தினாலும் மொத்தத்தில் ஃபுளூரின் வென்றுவிடுவது இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

1958இல் ஆல்ரெட், ராக்கோ இருவரும் அணுக்கருவின் நிகர ஈர்ப்பு விசையையே எடுத்துக்கொண்டார்கள்: செயலுறு அணுக்கரு மின்சுமையை (மற்ற எலக்ட்ரான்கள் மறைத்ததுபோக வெளி எலக்ட்ரான் உணரும் மின்சுமை) சகப்பிணைப்பு ஆரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 1989இல் லேலண்ட் ஆலன் முன்வைத்தது, இணைதிறன் எலக்ட்ரான்களின் சராசரி ஆற்றல். நிறமாலைத் தரவுகளிலிருந்து இதைக் கணக்கிடலாம்.

பெரும்பாலான தனிமங்களுக்கு எல்லா அளவுகோல்களும் ஒரே போக்கைத்தான் காட்டுகின்றன. நெருக்கமான இடங்களில் மட்டும் சண்டை வரும். பாலிங் கணக்கில் குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04. ஆலன் கணக்கில் நைட்ரஜன் 3.07, குளோரின் 2.87. யார் பெரியவர்? அளவுகோலைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. நைட்ரஜன் ட்ரைகுளோரைடு தண்ணீரோடு வினைபுரியும்போது அம்மோனியாவும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் வருகின்றன. அதாவது நைட்ரஜன் ஹைட்ரஜனோடு போகிறது, குளோரின் ஆக்சிஜனோடு போகிறது. இதைப் பார்த்தால் நைட்ரஜன்தான் எதிர்மின் பக்கம் என்று தோன்றும். இந்த இடத்தில் நான் பாலிங் வரிசையை நம்பமாட்டேன்.

தனிம வரிசை அட்டவணையில் இது ஏன் வலப்புறம் போகப் போகக் கூடுகிறது, கீழே போகப் போகக் குறைகிறது?

ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது அணுக்கருவில் புரோட்டான்கள் கூடுகின்றன. புதிய எலக்ட்ரான்கள் அதே வெளிக்கூட்டில்தான் சேர்கின்றன. ஒரே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அணுக்கருவிடமிருந்து நன்றாக மறைப்பதில்லை. இந்த மறைப்பைத் தோராயமாகக் கணக்கிடும் ஸ்லேட்டர் விதிப்படி வெளி எலக்ட்ரான் உணரும் மின்சுமை லித்தியத்தில் 1.3, ஃபுளூரினில் 5.2. அணுவும் சுருங்கிவிடுகிறது. ஆக லித்தியம் 0.98, ஃபுளூரின் 3.98.

கீழே போகும்போது கூடு ஒவ்வொன்றாகக் கூடுகிறது, பிணைப்பு எலக்ட்ரான்கள் அணுக்கருவைவிட்டு விலகிப் போகின்றன. ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, புரோமின் 2.96, அயோடின் 2.66. இந்தப் பட்டியலையே உற்றுப் பாருங்கள்: முதல் படி பெரியது, அடுத்தது சின்னது. குளோரினுக்கும் புரோமினுக்கும் இடையில் பத்து இடைநிலைத் தனிமங்கள் குறுக்கே வந்துவிட்டதுதான் காரணம். அவற்றில் நிரம்பிய 3டி எலக்ட்ரான்கள் அணுக்கருவை மோசமாகத்தான் மறைக்கின்றன. அதனால் நான்காம் வரிசைத் தனிமங்கள் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருக்கின்றன.

இதன் விளைவு 13ஆம் தொகுதியில் அப்பட்டமாகத் தெரியும். அலுமினியம் 1.61, அதற்குக் கீழே இருக்கும் காலியம் 1.81. கீழே போனால் குறைய வேண்டியது கூடிவிட்டது. சிலிக்கான் 1.90, ஜெர்மானியம் 2.01 என்பதும் இதே கதை.

மிகக் குறைந்த கவர்தன்மை சீசியத்துக்கா, பிரான்சியத்துக்கா?

பழைய பாடநூல்கள் பிரான்சியம் என்று சொல்லும். நான் சீசியம் (0.79) என்றுதான் சொல்வேன். பிரான்சியத்தின் நீண்டநாள் ஐசோடோப்புக்கே அரைவாழ்வுக் காலம் சுமார் 22 நிமிடம். அதை வைத்துப் பிணைப்பு ஆற்றல் அளப்பது நடக்காத காரியம். ஆனால் அயனியாக்கும் ஆற்றல் தெரியும்: சீசியத்துக்கு 376 கிலோஜூல், பிரான்சியத்துக்கு 393. அதாவது பிரான்சியம் தன் வெளி எலக்ட்ரானைச் சற்று இறுக்கமாகவே பிடித்துக்கொள்கிறது. 87 புரோட்டான்கள் உள்ள அணுவில் சார்பியல் விளைவு (எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை ஒட்டி ஓடுவதால் வரும் விளைவு) வெளிக்கூட்டைச் சுருக்கிவிடுவதால் இப்படி.

மந்த வாயுக்களுக்குக் கவர்தன்மை பூஜ்யமா?

"மதிப்பு இல்லை" என்பது வேறு, "பூஜ்யம்" என்பது வேறு. பாலிங் முறைக்குப் பிணைப்பு ஆற்றல் வேண்டும். ஹீலியமும் நியானும் சாதாரணமாகச் சேர்மம் தருவதில்லை என்பதால் அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. செனான் அப்படி இல்லை. 1962இல் நீல் பார்ட்லெட் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் செனானின் அயனியாக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்று (1175, 1170 கிலோஜூல்) என்பதைக் கவனித்து, செனானிடம் அதையே முயன்று முதல் சேர்மத்தைப் பெற்றார். இன்று செனானுக்கு 2.6, கிரிப்டானுக்கு 3.0 என்று அட்டவணையில் மதிப்புகள் உண்டு. ஆலன் அளவுகோலில் நியானுக்கு ஃபுளூரினைவிட அதிக மதிப்பு வருகிறது. அப்போது "மிக அதிகக் கவர்தன்மை எதற்கு" என்று கேட்டால்? தேர்வில் ஃபுளூரின்தான், அதில் பரிசோதனை வேண்டாம்.

வேறுபாடு 1.7க்கு மேல் என்றால் அயனிப் பிணைப்பு, குறைந்தால் சகப்பிணைப்பு. இந்த விதி சரிதானே?

இதை விதி என்று சொல்லிக்கொடுப்பதே எனக்குப் பிடிக்காது. எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். வேறுபாட்டுக்கும் அயனித்தன்மை விழுக்காட்டுக்கும் பாலிங் ஒரு தோராயமான சமன்பாடு கொடுத்தார். அதில் 1.7 போட்டால் சுமார் 51 விழுக்காடு வரும். பாதிக்கு மேல் அயனி என்பதால் அங்கே ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். 1.69இல் ஒரு மாதிரியும் 1.71இல் வேறு மாதிரியும் நடந்துகொள்ள அணுக்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

இப்போது சில சேர்மங்களைப் பாருங்கள்.

சிலிக்கான் டெட்ராஃபுளூரைடு: வேறுபாடு 2.08. விதிப்படி அயனிச் சேர்மம். உண்மையில் அது அறை வெப்பநிலையில் வாயு. போரான் ட்ரைஃபுளூரைடும் (1.94) வாயுதான்.

ஹைட்ரஜன் ஃபுளூரைடு: 1.78. கொதிநிலை 19.5 டிகிரி செல்சியஸ். அளந்து பார்த்தால் மின்சுமைப் பிரிவு சுமார் 41 விழுக்காடு.

சோடியம் ஹைட்ரைடு: 1.27 மட்டுமே. விதிப்படி சகப்பிணைப்பு. உண்மையில் அது சாதாரண உப்பின் அதே படிக அமைப்பு கொண்ட அயனித் திண்மம்.

ஏன் இப்படி? வேறுபாடு என்ற ஒற்றை எண், இரண்டு அணுக்களும் அட்டவணையில் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பதைச் சொல்வதில்லை. 1940களில் வான் ஆர்க்கெல், கெட்டலார் என்ற டச்சு வேதியியலாளர்கள் இதை ஒரு முக்கோணமாக வரைந்தார்கள். மூலைகள் மூன்று: உலோகப் பிணைப்பு, சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு. அதில் ஒரு சேர்மத்தின் இடத்தைக் குறிக்க வேறுபாட்டோடு சராசரியும் வேண்டும். சோடியம் ஹைட்ரைடின் சராசரி 1.57, சிலிக்கான் டெட்ராஃபுளூரைடின் சராசரி 2.94. முன்னது உலோக மூலைப் பக்கம், பின்னது சகப்பிணைப்பு மூலைப் பக்கம். அதோடு வடிவமும் சேர்கிறது. நான்கு ஃபுளூரின்கள் ஒரு சிறிய சிலிக்கானை முழுதாகச் சூழ்ந்துகொண்டால் பக்கத்து மூலக்கூறோடு சேர்ந்து படிகம் கட்ட இடமே இல்லை.

சாதாரண உப்பையே எடுத்தாலும், வாயு நிலையில் உள்ள ஒற்றைச் சோடியம் குளோரைடு மூலக்கூறில் மின்சுமைப் பிரிவு ஏறத்தாழ 79 விழுக்காடுதான். நூற்றுக்கு நூறு அயனி என்று எதுவும் கிடையாது. ஒரே உலோகத்தின் சேர்மங்களை ஒப்பிடும்போது மட்டும் வேறுபாடு நன்றாக உதவும்: அலுமினியம் குளோரைடு (1.55) 180 டிகிரி வாக்கில் பதங்கமாகிவிடும், அலுமினியம் ஃபுளூரைடு (2.37) ஆயிரம் டிகிரி தாண்டியும் திண்மமாக இருக்கும்.

பிணைப்புகள் முனைவுள்ளவை என்றால் மூலக்கூறும் முனைவுள்ளதுதானே?

வடிவத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கார்பன் டைஆக்சைடில் இரண்டு முனைவுள்ள பிணைப்புகள் எதிரெதிர்த் திசையில் இருந்து ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. இருமுனை திருப்புத்திறன் பூஜ்யம். தண்ணீர் வளைந்த மூலக்கூறு, எனவே 1.85 டிபை.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். தனித்த எலக்ட்ரான் இணைகளை மறந்துவிடுவதுதான் பிரச்சினை. அம்மோனியாவும் நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடும் ஒரே பிரமிடு வடிவம். பின்னதில் ஃபுளூரின் இருப்பதால் அதுதான் அதிக முனைவு என்று எழுதத் தோன்றும். அளவீடு சொல்வது: அம்மோனியா 1.47 டிபை, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடு 0.23. அம்மோனியாவில் பிணைப்புகளின் விளைவும் தனித்த இணையின் விளைவும் ஒரே திசை. மற்றதில் எதிர்த் திசை.

கார்பன் மோனாக்சைடு இதைவிட மோசம். வேறுபாடு 0.89 இருந்தும் இருமுனை திருப்புத்திறன் 0.11 டிபைதான். அதிலும் எதிர்மின் முனை ஆக்சிஜன் பக்கம் இல்லை, கார்பன் பக்கம்! இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்களோடு கார்பன் மோனாக்சைடு கார்பன் வழியாகவே பிணைகிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கவர்தன்மை அதிகம் என்றால் வினைதிறனும் அதிகமா?

நைட்ரஜனைப் பாருங்கள். 3.04, அட்டவணையிலேயே முன்வரிசை. ஆனால் நைட்ரஜன் வாயு காற்றில் எதுவும் செய்யாமல் கிடக்கிறது, ஏனென்றால் அதன் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல் வேண்டும். ஃபுளூரின் கண்டதோடெல்லாம் வினைபுரிவதற்குக் கவர்தன்மை பாதிக் காரணம். தன் சொந்தப் பிணைப்பு பலவீனமாக (158 கிலோஜூல்) இருப்பது மீதி. அதே ஃபுளூரின் கார்பனோடு சேர்ந்துவிட்டால் உடைக்கச் சுமார் 485 கிலோஜூல் தேவைப்படும் பிணைப்பாகிவிடுகிறது. நான்ஸ்டிக் தவாவின் டெஃப்லான் பூச்சு பெரும்பாலான வேதிப்பொருள்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

ஹைட்ரஜன் சில இடத்தில் நேர்மின், சில இடத்தில் எதிர்மின் என்கிறார்களே?

2.20 என்பது அட்டவணையின் நடுப்பகுதி. அதனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஹைட்ரஜனின் குணம் மாறும். ஆக்சிஜனோடு இருந்தால் நேர்மின் பக்கம்; சோடியம் (0.93), கால்சியம் (1.00) போன்றவற்றோடு இருந்தால் எதிர்மின் பக்கம். சோடியம் ஹைட்ரைடைத் தண்ணீரில் போட்டால் எதிர்மின் ஹைட்ரஜனும் தண்ணீரின் நேர்மின் ஹைட்ரஜனும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு பொங்கி வரும். இரண்டு வகை ஹைட்ரஜனும் ஒரே வினையில் சந்திக்கும் இடம் இது.

நடுவில் இருப்பதன் அழகு கார்பனையும் சிலிக்கானையும் ஒப்பிடும்போது தெரியும். கார்பன் 2.55, ஹைட்ரஜனுக்கு மேலே. சிலிக்கான் 1.90, கீழே. எனவே மீத்தேனில் ஹைட்ரஜன் லேசான நேர்மின், சிலேனில் லேசான எதிர்மின். மீத்தேன் எரியத் தீக்குச்சி வேண்டும். சிலேன் காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பிடித்துவிடும். இதற்கு இந்தத் திசைமாற்றம் மட்டுமே காரணமில்லை என்றாலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கரிம வேதியியலில் சோடியம் போரோஹைட்ரைடு ஒடுக்கியாக வேலை செய்வதும் போரான் (2.04) ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பதால்தான்.

குளோரினுக்கு நைட்ரஜனைவிட மதிப்பு அதிகம். அப்புறம் ஏன் ஹைட்ரஜன் பிணைப்புக்கு நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் மட்டும்?

நல்ல கேள்வி. கவர்தன்மையோடு அளவும் வேண்டும். குளோரின் பெரிய அணு. அதன் எதிர்மின்சுமை அகலமாகப் பரவிவிடுகிறது, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைக் கெட்டியாகப் பிடிக்க முடிவதில்லை. கொதிநிலைகளே சொல்லும்: ஹைட்ரஜன் ஃபுளூரைடு 19.5 டிகிரி, ஹைட்ரஜன் குளோரைடு மைனஸ் 85. தண்ணீர் 100, ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60.

அமிலத்தன்மையை இதை வைத்துக் கணிக்கலாமா?

பல இடங்களில் முடியும். சோடியம் ஹைட்ராக்சைடில் சோடியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் வேறுபாடு 2.51, ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 1.24. தண்ணீரில் முதல் பிணைப்பு பிரிகிறது, காரம் கிடைக்கிறது. சோடியத்தின் இடத்தில் குளோரினை வையுங்கள்: குளோரின், ஆக்சிஜன் வேறுபாடு 0.28 தான். இப்போது ஹைட்ரஜன் பக்கம் பிரிகிறது. அது ஹைப்போகுளோரஸ் அமிலம்.

அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு (அமில வலிமையைக் காட்டும் எண்) 4.76. ஒரு குளோரின் சேர்ந்தால் 2.86, மூன்று சேர்ந்தால் 0.66. எண் குறையக் குறைய அமிலம் வலுவாகிறது. குளோரின்கள் எலக்ட்ரானைத் தம் பக்கம் இழுத்து, புரோட்டான் போனபின் எஞ்சும் எதிர் அயனியை நிலைப்படுத்துகின்றன.

ஆனால் ஹைட்ரஜன் ஹாலைடுகளில் இந்தத் தர்க்கம் கவிழ்ந்துவிடும். அதிக முனைவுள்ள ஹைட்ரஜன் ஃபுளூரைடு வலுக்குறைந்த அமிலம். ஹைட்ரஜன் அயோடைடு மிக வலுவானது. தொகுதியில் கீழே போகும்போது பிணைப்பு பலவீனமாகும் வேகம் முனைவின் செல்வாக்கை அமுக்கிவிடுகிறது. ஒரே வரிசையில் ஒப்பிட்டால் கவர்தன்மையைப் பாருங்கள், ஒரே தொகுதியில் ஒப்பிட்டால் பிணைப்பு வலிமையைப் பாருங்கள்.

ஒரு தனிமத்துக்கு எப்போதும் ஒரே மதிப்புதானா?

அட்டவணையில் இருப்பது பொதுவான மதிப்பு. ஆக்சிஜனேற்ற நிலை மாறினால் மதிப்பும் மாறும்: ஈயம் +2 நிலையில் 1.87, +4 நிலையில் 2.33. இனக்கலப்பும் (எஸ், பி ஆர்பிட்டால்கள் கலந்து புதிய ஆர்பிட்டால்கள் உருவாவது) மாற்றும். அசிட்டிலீனில் உள்ள கார்பன், ஈத்தேனில் உள்ள கார்பனைவிட எலக்ட்ரானை அதிகமாக ஈர்க்கிறது. அசிட்டிலீனின் கலப்பு ஆர்பிட்டாலில் எஸ் பங்கு 50 விழுக்காடு, ஈத்தேனில் 25. எஸ் ஆர்பிட்டால் அணுக்கருவுக்கு நெருக்கமானது. அசிட்டிலீனின் பிகேஏ சுமார் 25, ஈத்தேனுடையது சுமார் 50. ஒரே கார்பன், ஒரே ஹைட்ரஜன், நடுவில் பத்தின் அடுக்கு இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்.

தங்கம் உலோகம்தானே, அதற்கு 2.54 என்று போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?

பிழை இல்லை. கார்பனுக்கு (2.55) ஒட்டியே இருக்கிறது. வெள்ளி 1.93 தான். தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். உள் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தின் கணிசமான பங்கில் ஓடுவதால் சார்பியல் விளைவில் 6எஸ் ஆர்பிட்டால் சுருங்குகிறது. அதன் எலக்ட்ரான் நாட்டம் 223 கிலோஜூல், ஆக்சிஜனுடையதைவிட (141) அதிகம்.

சீசியத்தோடு தங்கத்தைச் சேர்த்தால் கிடைக்கும் சீசியம் ஆரைடு, இரண்டு உலோகங்களின் கலவையாக இருந்தும் உலோகக் கலவை மாதிரி நடந்துகொள்வதில்லை. அது ஒரு குறைகடத்தி. சீசியம் குளோரைடு உப்பைப் போன்ற அமைப்பு. அதில் தங்கம் எதிர் அயனி. வேறுபாடு 1.75. மேலே நான் திட்டிய 1.7 கோடு இங்கே சரியாகச் சொல்லிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அலகு என்ன?

பாலிங் மதிப்புகளை அலகில்லாமல் எழுதுவதே வழக்கம். முல்லிகன் மதிப்புகள் எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும்.

எத்தனை மதிப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

இரண்டாம் வரிசையை லித்தியம் 1.0 முதல் ஃபுளூரின் 4.0 வரை அரை அரையாக எழுதுங்கள்: 1.0, 1.5, 2.0, 2.5, 3.0, 3.5, 4.0. ஏழும் முடிந்தது. இதோடு ஹைட்ரஜன் 2.1, சோடியம் 0.9, சிலிக்கான் 1.8, பாஸ்பரஸ் 2.1, கந்தகம் 2.5, குளோரின் 3.0. இவை பழைய, முழுமையாக்கிய பாலிங் எண்கள். பள்ளித் தேர்வுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் இந்த பதின்மூன்று போதும். மற்றவை தேவைப்பட்டால் வினாத்தாளிலேயே கொடுப்பார்கள், அல்லது அட்டவணையில் இடத்தைப் பார்த்து ஊகித்துவிடலாம்.